கம்ப்யூட்டருக்குப் பூ கேட்டது

உக்காருங்க அம்மிணி, உக்காருங்க. சன்னலோரம் வேணும்னா நான் தள்ளி வந்துக்கறேன். அந்தப் பையக் கீழ வெச்சிருங்களே, எதுக்கு மடியில சொமந்துக்கிட்டு... உள்ள லேப்டாப்புங்களா? அய்யய்யோ, அப்ப மடியிலயே வெச்சுக்குங்க. அப்ப நீங்க கம்ப்யூட்டர் வேலைங்களா? சென்னையிலிங்களா? லீவுக்குக் காங்கேயம் போறீங்களா? பாருங்க, ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல இத்தன சனம் நிக்குது, இத்தன சீட்டு கெடக்குது, என்ற பக்கத்துல வந்து உக்காரோணும்னு உங்களுக்குத் தோணியிருக்குது பாருங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க, மறைக்காமச் சொல்லோணும். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் இனி இருக்காதாமில்லீங்க? மெஷினே எல்லாத்தையும் பண்ணிக்குமாமா? என்னங்க, தெரியலைங்கறீங்க? உள்ளுக்குள்ள இருக்கற நீங்களே தெரியலைன்னா, வெளிய இருக்கற நான் ஆருகிட்டப் போய்க் கேக்கறது? சும்மாவாச்சும் 'இருக்கும் அக்கா, பயப்படாதீங்க'ன்னு சொல்லியிருக்கலாமில்ல. இப்பப் பாருங்க, கையெல்லாம் சில்லுன்னு போச்சு. தொட்டுப் பாருங்க வேணும்னா.

என்ற பேரு துளசிமணி, திருச்செங்கோடு. அதா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல பச்சைச் சுடிதார் போட்டுக்கிட்டு, சன்னல் கம்பியில தலையச் சாச்சுட்டு ஒரு புள்ள இருக்குது பாருங்க, அது என்ற மக. சுபிக்‌ஷா. ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. பின்னால உக்காந்தா வாந்தி வருதுன்னு முன்னால போயிட்டா. வாந்தியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காத்தால எனக்கும் அவளுக்கும் சண்டை. என்ற மூஞ்சியப் பாக்கப் புடிக்காமப் போய் உக்காந்திருக்கா.

விசயம் என்னன்னா, இஞ்சினீரிங் கவுன்சிலிங்குல அவளுக்குக் கம்ப்யூட்டர் சீட்டு வந்திருச்சுங்க. கோயமுத்தூர்ல நல்ல காலேஜ்தான், கேள்விப்பட்டவங்க எல்லாம் வாயப் பொளக்கறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 'சரி, எனக்கு இந்த சீட்டு வேணும்'னு ஒரு பட்டன அமுத்தோணும். வேண்டாம்னாலும் அதுக்கும் ஒரு பட்டன் இருக்குது, அதை அமுத்திட்டு அடுத்த சுத்துக்குக் காத்துக்கெடக்கோணும். ஒண்ணையும் அமுத்தாம உட்டா சீட்டு வேற ஆருக்கோ போயிரும். அமுத்தறதுக்குப் போன்ல நம்பர் வரும், அந்தப் போன் இதா, என்ற பையில. அவகிட்டக் குடுக்கல. குடுக்கவும் மாட்டேன்.

ஏன்னு கேளுங்க. குடுத்தா அவ வேண்டாங்கற பட்டன அமுத்திருவா! ஆமாங்க, அவதான். கம்ப்யூட்டர் வேணும் கம்ப்யூட்டர் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவளே அவதான். வேண்டாம்னு நின்னவ நானு. இப்ப நான் அமுத்துங்கறேன், அவ மாட்டேங்கறா. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும்.

மொதல்லருந்து சொல்றேன், அப்பத்தான் புரியும். எங்கூட்டுக்காரரு ரிக் வண்டியில மேனேசருங்க. போர் போடற வண்டி. எங்கூருல பாதி ஆம்பளைங்க அந்த வண்டியோடத்தான போயிருவாங்க. இவரு ராய்ப்பூர்ப் பக்கம் இருக்கறாரு. வருசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு, வந்தா துணிமணி தொவைக்கப் போட்டுட்டுத் தூங்குவாரு. ரிசல்ட் வந்தன்னைக்குப் போன் பண்ணி, "ஏனுங்க, புள்ள என்ன படிக்கறது?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடற சத்தம், ஒண்ணுங் கேக்கல. "நீயே பாத்துப் பண்ணு துளசி"ன்னுட்டாரு.

'நீயே பாத்துப் பண்ணு'ங்கறது இருக்குதே, அதுக்குத்தான் எனக்குப் பயமே. வாஷிங் மெஷின் வாங்கறப்பவும் இதையேதான் சொன்னாரு. நானே பாத்துத்தான் வாங்கினேன். சனியன், ஒரே வருசத்துல நின்னு போச்சு. இன்னைக்கு வரைக்கும், வீட்ல கொழம்புல உப்புக் கொறைஞ்சாக்கூட, "அந்த வாஷிங் மெஷின் வாங்குனாப்லதான் இதுவும்"பாரு. வாஷிங் மெஷினுக்கே இந்தப் பேச்சுன்னா, புள்ள படிப்புல ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் உசுரோட இருக்கறதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

அதுவும் என்ற கண்ணால பாத்துட்டு வந்தனே. எங்கண்ணன் பையன் கௌதமன்னு, பள்ளிபாளையம். பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி. அவன் வேலைக்குச் சேந்தப்ப எங்கண்ணன் எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் முச்சூடுக்கும் கறி விருந்து போட்டாரு. அவனைக் காட்டித்தான் எங்க வீடுகள்ல புள்ளைகளைப் படிக்க வெப்போம். போன தை மாசத்துக்கு அப்பறம் வேலை போயிருச்சு, வந்து வீட்ல இருக்கறான். போய்ப் பாத்தேன். கதவச் சாத்திட்டு உள்ள இருந்தான். கூப்பிட்டதும் வந்து, "வாங்க அத்தை"ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்ப நான் பாத்திருக்கவே கூடாது. "என்ன சாமி ஆச்சு?"ன்னு கேட்டேன். "நான் பண்ற வேலைய மெஷினே பண்ணுது அத்தை. அதுக்கு வேலை சொல்லிக் குடுத்ததே நாந்தான்"னான். அதச் சொல்லிட்டும் சிரிச்சான்.

சோறு போட்டாங்க, எறங்கல. பஸ்ல வர்ற வழியெல்லாம் சுபிக்‌ஷா அந்த ரூம்புக்குள்ள கதவச் சாத்திட்டு இருக்கறாப்லயே தெரியுது. அதுல புடிச்ச பயம்தான், இன்னும் உடல.

சரி, நாலு பேரக் கேப்போம்னு கேட்டேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். பல் புடுங்கப் போன எடத்துல டாக்டரக் கேட்டேன், வாயில பஞ்ச வெச்சுட்டே கேட்டேன். "கம்ப்யூட்டரத் தவிர வேற எதுவும் சேக்காதீங்க"ன்னாரு. ட்யூஷன் சார் "கம்ப்யூட்டர் சேத்தா புள்ளயக் கெணத்துல தள்ளுனாப்ல"ன்னாரு. பக்கத்துல கோழிப்பண்ணைக்காரரு, "எலக்ட்ரிக்கல் போடுங்க, கரன்ட்டு இல்லாம எந்த மெஷினும் ஓடாதில்ல"ன்னாரு. போன் வீடியோவுல ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கிட்டுப் பேசறான், தெனம் ஒண்ணு சொல்றான். ஒருத்தர் பேச்சக் கேட்டா சித்த நேரம் தைரியமா இருக்கும். அடுத்தவரக் கேட்டா அது போயிரும். நானும் உடாமக் கேட்டுட்டேதான் இருந்தேன். கறிக்கடையிலகூடக் கேட்டேனுங்க.

அவளக் கேட்டனான்னா? அவள எதுக்குங்க கேக்கோணும், அவதான் மொத நாளே சொல்லிட்டாளே, கம்ப்யூட்டருன்னு. பதினேழு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? அவங்கப்பா தெனம் போன்ல 'இன்னைக்கு இந்த ஊரு, இத்தன அடியில தண்ணி'ம்பாரு, அதையெல்லாம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல போட்டு, எந்தப் பக்கம் எத்தன அடியில தண்ணி வருதுன்னு கலர் கலரா கோடு போட்டு வெச்சிருந்தா. அதை அனுப்பிவெச்சப்ப அவரு ராய்ப்பூர்லருந்து கூப்பிட்டு, "இத எங்க மொதலாளிகிட்டக் காட்டினேன், ஆரு பண்ணுனதுன்னு கேக்கறாரு"ன்னு சிரிச்சாரு. அந்த மனுசன் சிரிச்சு நான் கேட்டதே அன்னைக்குத்தான். பரீட்சை நேரத்துல இந்த வெளையாட்டெல்லாம் எதுக்குன்னு நான்தான் திட்டினேன்.

எனக்கு ஒரே முடிவுங்க. கட்டடம் கட்டற படிப்பு, சிவில். மெஷினா வந்து செங்கல் அடுக்கப் போகுது? மனுசன் வீடு கட்டறத நிறுத்தவா போறான்? அப்படின்னு நெனச்சு ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கினேன். மூணாம் நாள் அந்தக் கோட்டுப் போட்டவன் வந்து, வெளிநாட்டுல ஒரு மெஷின் வீட்டையே கட்டுதுன்னு படத்தோட காட்டறான். போச்சா! ஆனாலும் நம்மூருக்கு வர நாளாகும்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

அவ கேக்கல. "கம்ப்யூட்டர்தாம்மா"ன்னா. நான் கத்தினேன், அழுதேன், கௌதமனச் சொன்னேன். "அவரும் நானும் ஒண்ணாம்மா?"ன்னா. வேற வழியில்லாமத்தான் சொன்னேன், "சரி, நீயும் பேச வேண்டாம், நானும் பேசல. குலசாமிகிட்டப் பூ கேப்போம். அம்மன் என்ன சொல்றாளோ அதுதான்"னு. உடனே சரின்னுட்டா. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவான்னு நான் நெனைக்கல.

உங்கூட்லயும் பூ கேப்பாங்களா? காங்கேயம்னா கேக்காம இருப்பாங்களா. கலியாணத்துக்குக் கேப்போம், கெணறு வெட்டக் கேப்போம், கம்ப்யூட்டருக்குக் கேட்டது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எங்கள்ல வெள்ளப் பூ வந்தா சரி, செவப்பு வந்தா வேண்டாம். கட்டறது நம்ம கையாலதான் கட்டிக்கிட்டுப் போவோம். தொட்டாத் தெரியக்கூடாதுன்னு ரெண்டுலயும் அரளிதான் வெப்போம், வெள்ள அரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு. ரெண்டையும் ஒரே மாதிரி காயிதத்துல மடிச்சு, நூலு சுத்தி, அம்மன் காலடியில வெச்சுட்டா, ஒரு சின்னக் கொழந்தைய உட்டு ஒண்ண எடுக்கச் சொல்லுவாங்க. பூசாரி பிரிச்சுக் காட்டுவாரு.

இங்க பாருங்க, கிட்ட வாங்க. இத நான் ஆருகிட்டயும் சொல்லல. அவருகிட்டச் சொல்லல, எங்கண்ணன்கிட்டச் சொல்லல. நீங்க காங்கேயத்துல எறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றேன்.

மொத நா சாயங்காலம் பூவ மடிக்க உக்காந்தேன். வெள்ள அரளியக் கையில எடுத்தேன். எடுத்ததும் கௌதமன் சிரிச்ச சிரிப்பு வந்து நின்னுது. இது வந்துட்டா என்ன பண்றது, வந்துட்டா என்ன பண்றதுன்னே மனசு அடிச்சுக்குது. எனக்கே தெரியாம அந்த வெள்ளையக் கீழ வெச்சுட்டேனுங்க. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு. ரெண்டுலயும் செவப்ப வெச்சு மடிச்சு, நூலு சுத்தி, சாமி அலமாரியில வெச்சுட்டு, "ஆத்தா, புள்ள நல்லதுக்குத்தான் பண்றேன், கண்டுக்காத"ன்னு கும்பிட்டுக்கிட்டேன். ஏமாத்தறதுன்னு இல்லீங்க. எப்படியும் அம்மன் செவப்புத்தான குடுத்திருப்பா? அவளுக்கு வேலையக் கொறைச்சேன், அவ்வளவுதான்.

விடிஞ்சு மக்கா நாள் கோயிலுக்குப் போனோம். காங்கேயத்துலருந்து மினி பஸ்ல உள்ள போகோணும், காட்டுக்குள்ள ஒத்தக் கோயிலு. பூசாரி பொட்டலத்த வாங்கி அம்மன் காலடியில வெச்சாரு. கற்பூரங் காட்டுனாரு. கும்பிட வந்த ஒருத்தரோட கொழந்தை, பேச்சுக்கூடச் சரியா வராத கொழந்தை, அது போயி ஒண்ண எடுத்துக் குடுத்துச்சு. நான் சும்மா நிக்கறேன், எனக்கென்ன, எதை எடுத்தாலும் செவப்புத்தான். பூசாரி பிரிச்சாரு.

வெள்ளைங்க.

வெள்ள அரளி. என்ற கண்ணு முன்னாடி. நான் வெச்சது செவப்பு, சத்தியமாச் செவப்பு, என்ற ரெண்டு கையாலயும் மடிச்சது. அம்மன் பாத்துட்டா. நான் பண்ணுன திருட்டுத்தனத்தப் பாத்து, "ஏன்டி, எனக்கே பூவ மாத்தறயா?"ன்னு நெறத்தையே மாத்திட்டா. மேலெல்லாம் சிலுத்துப் போச்சு.

பூசாரி சந்தோசமா, "உத்தரவு ஆயிருச்சும்மா. வழக்கப்படி அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துக்கலாம்"னாரு. எனக்கு அதுல என்ன நெறம் இருக்குமோன்னு பாக்கவே பயம். எட்டி எடுக்கப் போறேன், பாருங்க, அதே நேரம் சுபிக்‌ஷா கையும் வருது! ரெண்டு பேரு கையும் அந்தப் பொட்டலத்து மேல. அவ முழுசா என்னப் பாக்கறா. நான்தான் புடுங்கினேன். புடுங்கிட்டு ஓடிப் போயி கோயில் கெணத்துல போட்டுட்டேன். "வாக்கு வந்ததுக்கப்பறம் பிரிக்கக் கூடாது, எங்க பெரியவங்க பழக்கம்"னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். பூசாரி முழிச்சாரு. அவ பாவம், தலையில வெச்சுக்கலாம்னு கைய நீட்டியிருப்பா.

அன்னையிலருந்து எனக்கு ஒரே கேள்விதான். அம்மன் மன்னிச்சுட்டாளா, இல்ல கோவத்துலதான் வெள்ளையக் காட்டினாளா? 'உன்ற மக கேட்டதையே எடுத்துக்கிட்டுப் போ, போய் அனுபவி'ன்னு வெள்ளையக் காட்டியிருந்தா? ஆனா ஒண்ணுங்க, காட்டினது காட்டினதுதான். செவப்ப வெள்ளையாக்கின சாமி பேச்ச மீறறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. "லிஸ்டுல கம்ப்யூட்டரையே மேல போடு கண்ணு"ன்னு அவகிட்ட நானே சொன்னேன். அவ போட்டா. அது வந்தும் வந்திருச்சு.

இப்பத்தான் அவ கூத்து ஆரம்பிச்சா. சீட்டு வந்தன்னைக்குக் குதிப்பான்னு பாத்தா, போனக் கீழ வெச்சுட்டு அழுகறா. "என்ன சாமி?"ன்னா, ஒண்ணுமில்லைங்கறா. சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு எந்திரிச்சுப் போறா. தட்டுல அப்படியே கெடக்குது. நகத்தக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வருது. நேத்து வந்து, "அம்மா, சிவிலே போட்டிருக்கலாம்மா. இது வேண்டாம்னு சொல்லிடலாமா?"ங்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அம்மன் குடுத்தத வேண்டாம்னு சொல்றதா? வெளையாடறயா நீ?"ன்னேன். "அம்மன்தான் குடுத்தாளா?"ங்கறா! "பொய்யாப் பூ வந்திருந்தா என்னம்மா ஆகும்? சாமி தண்டிக்குமா? எனக்கு நாளைக்கு கௌதமன் மாமா மாதிரி ஆனா அது இந்தப் பொய்ப் பூவாலதான்னு ஆயிருமா?"ன்னு கேக்கறா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. நான் பண்ணுனது இவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருச்சோன்னு குப்புன்னு வேர்த்துப் போச்சு. "பொய்ப் பூ எப்படி வரும், நான்தான கட்டினேன், ஒழுங்காக் கட்டினேன், ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு"ன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். அதக் கேட்டதும் இன்னும் அழுகறா. புள்ளைக்குத் தைரியம் சொன்னா அழுகை நிக்கோணுமில்லீங்க? ஜாஸ்தி ஆச்சு.

காத்தால எந்திரிச்சதும் ஒரே புடி. "மறுக்கா போய்ப் பூ கேக்கலாம்மா. இந்தத் தடவ நீயும் கட்ட வேண்டாம், நானும் வேண்டாம், பூசாரியே கட்டட்டும். செவப்பு வந்தா வேண்டாங்கற பட்டன அமுத்திருவேன்"னு நிக்கறா. நான் மாட்டேன்னேன். ஒரு தடவ சொன்ன அம்மன மறுக்கா போய் நோண்டறதா? இந்தத் தடவ என்ன பண்ணுவாளோ? "அப்ப நான் எங்கயும் படிக்கல"ன்னு கதவச் சாத்திக்கிட்டா. கதவச் சாத்தினா எனக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கு இப்பத் தெரியுமில்ல? அதுக்குப் பயந்துதான் கெளம்பிட்டேன். இதா போயிட்டிருக்கோம். செவப்பு வந்துட்டா கெடச்ச சீட்டும் போச்சு, அம்மன் பேச்சும் போச்சு. அவருக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?

உங்களத்தான் அம்மிணி கேக்கறேன், அவகிட்ட நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன். கம்ப்யூட்டர் வேலையில இருக்கறவங்க சொன்னா கேப்பா. எதுக்குப் பயப்படறான்னே எனக்குத் தெரியல. ஆசைப்பட்டது கெடச்சுருக்குது, சாமியும் சொல்லிருச்சு, பின்ன என்ன பயம் அவளுக்கு?

ஏனுங் அப்படிப் பாக்கறீங்க? சிரிக்கறீங்களா? சிரிக்கறதுக்கு இதுல என்னங்க இருக்குது?

பொட்டலத்த மொத நா சாயங்காலம் வெச்சதுக்கு அப்பறம் ஆராச்சும் தொட்டாங்களான்னா? ஆரு தொடுவாங்க. வீட்ல நானும் அவளுந்தான். காத்தால எந்திரிச்சு நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கப் போனேன். அவ அதுக்கு முன்னாடியே குளிச்சுட்டு, அம்மனுக்குச் சரங்கட்டறேன்னு வாசல்ல பூப் பறிச்சுட்டு இருந்தா. என்ன பூன்னா... வாசல்ல நிக்கற அரளிதான். வெள்ள...

இருங்க. சித்த இருங்க. ஒண்ணும் பேசாதீங்க.

அந்த ரெண்டாவது பொட்டலத்துக்கு அவ எதுக்குக் கைய நீட்டினா? தலையில வெச்சுக்கறதுக்கு இல்ல. இல்லையா?

அட ஆத்தா.

தண்ணி இருந்தாக் குடுங்க. வேண்டாம், வேண்டாம், இருக்கட்டும்.

நான் மடிச்சதப் பிரிச்சுப் பாத்திருப்பாளா? 'அம்மா ரெண்டுலயும் செவப்பு வெச்சிருக்கா'ன்னு தெரிஞ்சுதான் மாத்தினாளா? தெரிஞ்சிருந்தா என்னைய என்னன்னு நெனச்சிருப்பா... இல்லீங்க, இல்ல. தெரிஞ்சிருந்தா இப்படிப் பயந்து சாக மாட்டா. 'நீயும்தான பண்ணுன'ன்னு திரும்பி நின்னு சண்டைக்கு வந்திருப்பா. அவ பிரிக்கல. அம்மா ஒழுங்காத்தான் கட்டியிருப்பான்னு நம்பி, அப்படியே எடுத்து வெளிய போட்டுட்டு, ரெண்டுலயும் வெள்ளையப் போட்டுத் தான் கட்டுனத வெச்சிருக்கா. நான் நேத்து வேற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன், ஒழுங்காக் கட்டினேன்னு. அப்ப அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நல்லபடியா இருந்த சாமி வாக்க தான் ஒருத்தி மட்டும் கெடுத்துட்டோம்னு நெனச்சுட்டு, அதையும் ஆருகிட்டயும் சொல்ல முடியாம, அந்தச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டு... அங்க பாருங்க, கம்பியில தலைய வெச்சுட்டு எப்படி உக்காந்திருக்கான்னு. நான் அவளுக்குத் திமிருன்னு நெனச்சுட்டு வந்தனுங்க, இந்த நிமிசம் வரைக்கும்.

அப்ப அம்மன் நெறத்த மாத்தல. அம்மன் ஒண்ணுமே சொல்லலீங்க. நான் வேண்டாம்னு சொன்னேன், அவ வேணும்னு சொன்னா. அவ்வளவுதான் நடந்திருக்குது. கோயில்ல அன்னைக்குப் பேசினது என்ற மக ஒருத்திதான்.

இதக் கேட்டா எனக்கு நிம்மதி வரோணும்னு நீங்க நெனைக்கறீங்க. வரலீங்க. அம்மன் சொன்னான்னா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் அம்மன் மேல போட்டுட்டுப் படுத்துக்கலாம். அவருகிட்டயும் அதையே சொல்லிக்கலாம். இப்ப ஆரு மேல போடறது? அவளுக்கு வேணும், அவ படிக்கறா, வேலை இருக்குமோ இருக்காதோ உங்களுக்கும் தெரியல எனக்கும் தெரியல. மேல ஒருத்தரும் இல்ல. இது எவ்வளவு பயமா இருக்குதுன்னு உங்களுக்குப் புரியுதுங்களா?

அறச்சலூர் வந்திருச்சா? அவ பக்கத்துல இருக்கற அம்மா எறங்குது பாருங்க. கொஞ்சம் காலத் தள்ளிக்குங்க, நான் அங்க போறேன்.

இல்லீங்க, 'பூவ மாத்தினயா?'ன்னு அவளக் கேக்க மாட்டேன். கேட்டா அவ திருடி ஆயிருவா, நான் நல்லவளா நின்னுக்குவேன். அது ஆகாது. நான் வெச்சது ரெண்டும் செவப்புன்னு மொதல்ல நான்தான் வாயத் தொறக்கோணும். தொறந்துட்டா அவளா சொல்லுவா. அதுக்கப்பறம் கோயிலுக்குப் போறதா, இங்கயே எறங்கித் திரும்பறதா, எந்தப் பட்டன அமுத்தறதுன்னு அவ சொல்லட்டும்.

திட்டுவாளான்னா? திட்டினாப் பரவால்லீங்க, வாங்கிக்கறேன். "இத்தன நாளு நான் எதுக்கும்மா அப்ப பயந்தேன்?"னு கேட்டான்னா?

தள்ளிக்குங்க கண்ணு. வண்டி எடுக்கறதுக்குள்ள போயிரோணும். ஒண்ணு சொல்லட்டுங்களா, சாமிய ஏமாத்தக்கூட நான் இத்தன யோசிக்கல. பெத்த புள்ளகிட்ட நிசத்தச் சொல்லப் போறேன், எந்திரிக்க முடியலீங்க. கொஞ்சம் கையக் குடுங்க.